வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் நடைபாதை: புதிதாகப் போடுவதும் பழுது பார்ப்பதும்

வீட்டைச் சுற்றிப் போடும் கான்கிரீட் நடைபாதையின் முதல் வேலை, மழைநீரைச் சுவரிடமிருந்து விலக்கிக் கொண்டுபோவது. சேறு படாமல் நடப்பது அதற்கு அடுத்த பயன்தான். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் சரிய வேண்டும், வெடிப்பை ஒழுங்குபடுத்தும் வெட்டுக் கோடு எங்கே வர வேண்டும், எங்கே மண்ணைத் திறந்து விட வேண்டும் என்று வேலையின்போது எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை எளிதாகக் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டின் மேற்குப் பக்கச் சந்தில் முதலில் போட்ட பாதை, இரண்டே மழைக்காலங்களில் சுவரை நோக்கிச் சாய்ந்துவிட்டது. கலவையில் குறை இல்லை. உடைத்துப் பார்த்தபோது ஜல்லி நல்ல பிடிப்போடுதான் இருந்தது. இறங்கியது அதற்குக் கீழே இருந்த மண். வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்காக வானம் தோண்டிய பள்ளத்தை, உடைந்த செங்கல்லும் காய்ந்த சாந்தும் கலந்த மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். அதைத் தண்ணீர் விட்டு இறுக்கவும் இல்லை, கனமான கட்டையால் இடித்துத் திமிசு போடவும் இல்லை. சாய்ந்த பாதை மழைநீரை நேராகச் சுவரின் அடிக்கே கொண்டு சேர்த்தது. பாதையே இல்லாத கிழக்குப் பக்கச் சுவர் உலர்ந்திருக்க, புதுப் பாதை போட்ட மேற்குப் பக்கத்தில் உட்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்தது. கான்கிரீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

மழையில் பார்ப்பது, வெயிலுக்கு முன் முடிப்பது

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழை. அந்த மாதங்களில் பாதை போடக் கூடாது. ஆனால் பாதையைத் திட்டமிட அதைவிடச் சிறந்த காலம் இல்லை. நன்றாக மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். சன்ஷேடு நுனியிலிருந்து நீர் எந்தக் கோட்டில் விழுகிறது, மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது, மழை விட்ட பிறகும் ஒரு மணி நேரம் எந்த மூலையில் நீர் நிற்கிறது என்பவற்றைச் சுவரில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். வேலையைத் தை, மாசி மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. அக்கினி நட்சத்திர வெயிலில் போட்டால், கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்து வெடிப்பு விழும்.

அடுத்து உயரம். செங்கல் சுவர் மண் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க, பேஸ்மெண்ட் மட்டத்தில் டி.பி.சி. என்னும் ஈரத்தடுப்புப் படலம் போடப்பட்டிருக்கும். நடைபாதையின் மேல்மட்டம் அதற்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். தெருச் சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே உயர்த்திப் போடுவதால், உள்ளே நீர் வராமல் இருக்கப் பலர் நடைபாதையையும் உயர்த்திக்கொண்டே போகிறார்கள். ஒரு நாள் அது டி.பி.சி.யைத் தாண்டிவிடுகிறது. அதன் பிறகு சுவர் பாதையின் ஈரத்தை நேரடியாகக் குடிக்கும். எந்தப் பூச்சும் அதை நிரந்தரமாக நிறுத்தாது. வாசலில் ஒரு தடுப்பு மேடு கட்டித் தெரு நீரை மறிப்பதே இதற்குச் சரியான வழி. சுற்றுப்பாதையை உயர்த்துவது அல்ல. அந்த மேட்டையும் உங்கள் மனைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் நடைமேடை உள்ளாட்சிக்கு உரியது. அதன்மேல் சரிவு நீட்டினால் நடந்து செல்வோர் சாலையில் இறங்க நேரும்.

அகலம் குறைந்தது 3 அடி. சன்ஷேடு 2 அடி நீட்டியிருந்தால் அதிலிருந்து விழும் நீர் பாதையின்மேல் விழ வேண்டும். பாதையின் ஓரத்து மண்ணில் விழுந்தால் அந்த மண்ணை அரித்து, பாதையின் விளிம்புக்கு அடியில் பொந்து உண்டாக்கும். வீட்டில் முதியவர்கள் இருந்தாலோ, பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்று தோன்றினாலோ 4 அடி வைத்துக்கொள்ளுங்கள். படி வரும் இடத்தில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் ஒன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

சரிவு 50-க்கு 1 போதும். அதாவது 1 மீட்டர் அகலத்துக்கு 2 சென்ட்டிமீட்டர். சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். கண் மதிப்பில் இதைச் செய்ய முடியாது. டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாய்) நீர் நிரப்பி, சுவர் நெடுகிலும் ஒரே மட்டக்கோடு போட்டு, அதிலிருந்து அளந்து ஆப்பு அடித்து நூல் கட்டுங்கள். சரிவைத் தோண்டும் மண்ணிலேயே கொடுத்துவிட வேண்டும். அடிமண்ணை மட்டமாக விட்டுக் கான்கிரீட்டின் மேல்பக்கத்தில் மட்டும் சரிவு கொடுத்தால் வெளி விளிம்பு மெலிந்துவிடும். முதலில் உடைவது அந்த மெலிந்த விளிம்பாகத்தான் இருக்கும்.

சரிந்து போகும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கியது. மதில் முதல் சுவர் வரை ஒரு சாண் மண்கூட விடாமல் கான்கிரீட் போட்டு மூடுவது அந்த நோக்கத்துக்கே எதிரானது. நம் கிணற்றுக்கும் போர் குழாய்க்கும் போக வேண்டிய நீரை நாமே தெருச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். பாதைக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் அடி அகல மண்ணையாவது விடுங்கள்; இல்லையேல் பாதையின் சரிவு ஒரு கசிவுநீர்க் குழியில் போய் முடியட்டும். அந்தக் குழி வீட்டு அஸ்திவாரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

கான்கிரீட் வருவதற்கு முன் செய்தே ஆக வேண்டியவை

பாதைக்குக் குறுக்கே என்றாவது ஒரு குழாயோ மின்கம்பியோ போக வேண்டியிருக்கும். இப்போது தேவையில்லை என்றாலும், இரண்டு மூன்று இடங்களில் 3 அங்குலப் பி.வி.சி. குழாயைக் குறுக்கே புதைத்து, இரு முனைகளையும் மூடி வையுங்கள். கழிவுநீர்ச் சேம்பர்களின் மூடிகளைப் பாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டுங்கள். மூடியின்மேலேயே கான்கிரீட் போட்டு மறைத்துவிட்டு, அடைப்பு வந்த நாளில் சேம்பரைத் தேடிப் பாதையை உடைத்த வீடுகள் பல.

கரையான் தடுப்பு மருந்து அடிப்பதாக இருந்தால் அதற்கும் இதுவே நேரம். சுவரை ஒட்டிய மண் திறந்திருக்கும்போது செய்வது எளிது. பாதை போட்ட பிறகு என்றால், சுவரை ஒட்டி ஓர் அடிக்கு ஒரு துளையாக 12 மி.மீ. துளையிட்டு, மண்வரை இறக்கி மருந்து செலுத்தி, மீண்டும் அடைக்க வேண்டியிருக்கும். கிணறோ தரைத்தொட்டியோ அருகில் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி, உரிமம் பெற்றவர்களைக் கொண்டு மட்டுமே செய்யுங்கள்.

இனி மண். மேலிருக்கும் புல், வேர், பிளாஸ்டிக், கட்டடக் கழிவு ஆகியவற்றை முழுவதும் நீக்கி, பாதையின் மேல்மட்டத்திலிருந்து 10 அங்குல ஆழத்துக்குத் தோண்டுங்கள். பிறகு கடப்பாரையைச் சுவர் ஓரமாக ஊன்றிப் பாருங்கள். ஓரடி, ஈரடி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், அது நான் சொன்ன வானம் தோண்டி மூடிய தளர்ந்த மண். அதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல செம்மண் கிராவலை 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசு போட வேண்டும். ஈர மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. நீரைத் தேக்கி வைத்தால் மண் தானாக இறங்கிவிடும் என்று சொல்வது மணலுக்கு ஓரளவு பொருந்தும். களி கலந்த மண்ணுக்குப் பொருந்தாது. அதிர்வுத் தகட்டு இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் அரை நாளில் இந்த வேலை முடியும். கையால் என்றால் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களைப் போன்ற கரிசல் நிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் நேராகப் போட்ட பாதை ஒவ்வோர் ஆண்டும் ஏறி இறங்கி உடையும். வசதி இருந்தால் 2 அடி ஆழம்வரை கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். இத்தகைய மண்ணில் நடைபாதை வீட்டுக்கே காவல். அஸ்திவாரத்தை ஒட்டிய மண் ஒரு பருவத்தில் ஊறியும் மறு பருவத்தில் வறண்டும் போகாமல் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்க அது உதவும்.

இறுக்கிய மண்ணின்மேல் 3 அங்குலக் கிராவலும், அதன்மேல் 3 அங்குலக் கனத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி கொண்டு 1:4:8 விகிதக் (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) கான்கிரீட்டும் போட்டால், மேலே வரும் 4 அங்குலப் பாதைக்கு உறுதியான படுக்கை கிடைக்கும். மண் கெட்டியான செம்மண்ணாக இருந்தால் 1:4:8 கான்கிரீட்டுக்குப் பதில் 6 அங்குலக் கிராவலை இறுக்கி முடித்துக்கொள்ளலாம்.

கலவை

மேல் பாதைக்கு 1:1½:3 என்ற விகிதம் ஏற்றது. பழக்கத்தில் இதைத்தான் எம்20 என்கிறார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, கொள்ளளவில் ஏறத்தாழ 35 லிட்டர். அதே 35 லிட்டர் கொள்ளும் அளவுப் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டு, மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி என்று போடுங்கள். பாண்டுக் கணக்கு (கலவை அள்ளும் சட்டிக் கணக்கு) வேண்டாம். காலையில் குவித்து அள்ளும் பாண்டும் மாலையில் களைத்துப்போய் அள்ளும் பாண்டும் ஒன்றாக இரா. கையால் கலப்பதாக இருந்தால் 10 சதவீதம் சிமெண்ட் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

ஒரு கணக்கு: 30 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலக் கனம் என்றால் 30 கன அடி. அதற்குச் சிமெண்ட் 7 மூட்டை, எம்-சாண்ட் 13 கன அடி, ஜல்லி 26 கன அடி ஆகும். சேதாரத்துக்குச் சற்றுக் கூட்டி வாங்குங்கள். லாரி யூனிட் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதை நினைவில் வைத்தால், இந்த அளவு வேலைக்கு அரை யூனிட்கூடத் தேவையில்லை என்பது புரியும். சிமெண்ட் மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்தான் பெரும்பாலான பாதைகளைக் கெடுப்பது. மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. இவ்வளவு கெட்டியான கலவையைப் பரப்பச் சிரமம் என்று மேலும் இரண்டு குடம் ஊற்றுவது வழக்கமாக நடக்கிறது. சிமெண்ட் இறுகத் தேவையானதற்கு மேல் ஊற்றும் நீர், பின்னர் ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். அந்தத் துளைகளே பின்னாளில் பொடி உதிர்வதற்கும் வெடிப்பதற்கும் காரணம். வேலையாட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அளந்து ஊற்ற ஒரு வாளியை ஒதுக்கி, அதில் கோடு போட்டுக் கொடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் கிணற்று நீரைத் தவிர்த்து, குடிக்கத் தகுந்த நீரையே பயன்படுத்துங்கள். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு உப்பு மிகப் பெரிய பகை.

கம்பி எல்லா இடத்திலும் தேவையில்லை. இறுகிய மண்ணின்மேல் நடக்க மட்டும் போடும் பாதைக்கு வெறும் கான்கிரீட் போதும். கார் கடக்கும் இடத்தில் கனத்தை 6 அங்குலமாக்கி, 8 மி.மீ. கம்பியை 8 அங்குல இடைவெளியில் இரு திசையிலும் வையுங்கள். கம்பி மண்ணில் படுத்துக் கிடந்தால் பயன் இல்லை. கவர் பிளாக் என்னும் சிறு கான்கிரீட் கட்டைகளை வைத்துத் தூக்கி, கனத்தின் மேல்பாதியில் நிற்கும்படி செய்ய வேண்டும்.

கலவையைக் கையாளும்போது ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும். வெறுங்காலில் நின்று வேலை செய்யும் சித்தாட்களுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

பரப்புவதும் வெட்டுக் கோடும்

காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். அடிப்படுக்கையை முந்தைய இரவே நனைத்து வையுங்கள். காலையில் அது ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கி நிற்கக் கூடாது. வெளிப்பக்கத்துக்கு 4 அங்குலப் பலகையை ஆப்பு அடித்து நிறுத்துங்கள். அல்லது செங்கல்லால் ஒரு நிரந்தர ஓரம் கட்டிக்கொள்ளலாம்; மண் அரிப்பு உள்ள இடத்தில் ஓரம் கட்டுவதையே நான் விரும்புவேன்.

சுவருக்கும் பாதைக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மாகோல் பட்டையை முழு ஆழத்துக்கும் நிறுத்துவது அவசியம். வீடு ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது. பாதையோ மேல் மண்ணில் கிடக்கிறது. இரண்டும் ஒரே அளவில் அசைவதில்லை. ஒட்டிப் போட்டால் பாதை தன் போக்கில் சுவருக்கு அருகே கோணல்மாணலாக வெடித்துக்கொள்ளும், அந்த வெடிப்பு வழியே நீர் இறங்கும். பட்டை வைத்துப் போட்ட பிறகு, நீராற்றல் (கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவது) முடிந்து காய்ந்ததும், மேலே அரை அங்குல ஆழத்துக்குத் தெர்மாகோலைக் கீறி எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்புங்கள். இந்த நிரப்பலைச் செய்யாமல் விட்டால், நீரைச் சுவரின் அடிக்கு அனுப்பும் கால்வாயை நாமே வெட்டி வைத்தது போலாகும். சேம்பர், தூண், குழாய் ஆகியவற்றைச் சுற்றியும் இவ்வாறே.

கலவையை ஒரு முனையிலிருந்து கொட்டிப் பரப்பி, கம்பியால் ஓரங்களில் குத்தி, மட்டப்பலகையைச் சுவர்ப்பக்கக் குறிக்கும் வெளிப்பலகைக்கும் நடுவே அறுப்பதுபோல் இழுத்துச் சமன் செய்யுங்கள். அதன் பிறகு பொறுமை வேண்டும். சற்று நேரத்தில் மேலே நீர் கசிந்து பளபளக்கும். அது மறையும்வரை கரணையைத் தொடாதீர்கள். அந்த நீரின்மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்து உடனே வழுவழுப்பாக்குவது நம்மூரில் பரவலான பழக்கம். அன்று மாலை அழகாகத் தெரியும்; ஓராண்டில் பப்படம்போல் உரிந்து வரும். பளபளப்பு மறைந்த பின் மணியாசுக் கட்டையால் (மரத் தேய்ப்புக் கட்டை) தேய்த்து, கடைசியில் தென்னந்துடைப்பத்தைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் நடப்பவர் காலுக்குக் குறுக்காக அமைவதால் வழுக்காது. சரிவின் திசையிலேயே இருப்பதால் நீரையும் வெளியே கொண்டுபோகும்.

கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது எங்காவது வெடிக்கும். வெட்டுக் கோட்டின் வேலை, அந்த வெடிப்பை நாம் சொல்லும் இடத்தில், நேர்கோட்டில் விழவைப்பது. 3 அடி அகலப் பாதைக்கு 4 அடிக்கு ஒன்று வீதம் குறுக்கே கோடு வேண்டும். கட்டங்கள் சதுரத்துக்கு நெருக்கமாக இருப்பது நல்லது, நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. ஆழம் கனத்தில் கால் பங்கு, அதாவது 1 அங்குலம். பச்சையாக இருக்கும்போதே தகட்டை அழுத்திக் கோடிடலாம். அல்லது மறுநாள் காலைக்குள் கட்டிங் மெஷினால் வெட்டலாம். இரண்டு நாள் கழித்து வெட்டினால் கான்கிரீட் தன் விருப்பப்படி ஏற்கெனவே வெடித்திருக்கும். வீட்டின் மூலைகளில் பாதை திரும்பும் இடத்தில், சுவர் மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஒரு கோடு கட்டாயம் வேண்டும்.

நீராற்றலை மறுநாள் காலை தொடங்கினால் போதும் என்பது பொதுக் கருத்து. வெயில் நாளில் அது தாமதம். மேற்பரப்பில் விரல் பதியாத நிலை வந்ததும் ஈரச்சாக்கு விரித்துவிடுங்கள். மறுநாள் ஓரங்களில் களிமண் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள், சரிவினால் நீர் நிற்காத இடத்தில் சாக்கையே தொடர்ந்து நனையுங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) வகைக்கு 10 நாள். வறண்ட வெயில் காலத்தில் இவை முறையே 10, 14 நாள் என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்லும் கணக்கு. காலையும் மாலையும் ஒரு வாளி தெளித்துவிட்டு நடுவே காயவிடுவது நீராற்றல் ஆகாது. இரண்டு நாளில் மெல்ல நடக்கலாம். பைக் ஏற்ற ஒரு வாரம், கார் ஏற்ற நான்கு வாரம் பொறுங்கள்.

பழைய பாதையில் பழுது

பழுது பார்ப்பதற்கு முன், அது ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிமெண்ட் பூசி மறைத்த வெடிப்பு அடுத்த மழையில் அதே இடத்தில் மீண்டும் திறப்பது, காரணம் தீராததால்தான்.

சுத்தியலின் பின்பக்கத்தால் பாதை முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலித்தால் கீழே பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் அடியில் வெற்றிடம் அல்லது மேல்தோல் பிரிந்திருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். வெடிப்புகளின் குறுக்கே பென்சிலால் இரண்டு புள்ளிகள் வைத்து, இடைவெளியையும் தேதியையும் எழுதி வைத்து, மழைக்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். இடைவெளி மாறாவிட்டால் அது ஓய்ந்த வெடிப்பு. மாறினால் இன்னும் அசைகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மயிரிழை வெடிப்புகளை விட்டுவிடலாம். தோற்றம் உறுத்தினால் சிமெண்ட் பால் தேய்த்தால் போதும். ஓய்ந்த, ஆனால் அகன்ற வெடிப்பை உளியாலோ கட்டிங் மெஷினாலோ அரை அங்குல அகலம், முக்கால் அங்குல ஆழத்துக்கு, பக்கங்கள் நேராக நிற்கும்படி வெட்டுங்கள். மேலே அகன்று கீழே குறுகும் வி வடிவம் வேண்டாம். நிரப்பியது பெயர்ந்து வந்துவிடும். தூசியை ஊதி, கழுவி, ஈரம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலையில், பாலிமர் கலந்த பழுதுபார்ப்புச் சாந்தை அழுத்தி நிரப்பி, சாதாரணக் கான்கிரீட்டைப் போலவே நனைத்து ஆற்றுங்கள். அசையும் வெடிப்பில் எந்தச் சாந்தும் நிற்காது. அதையும் அதே அளவில் வெட்டி, உலரவிட்டு, நுரைக் கயிறு ஒன்றை அடியில் திணித்து, மேலே இழுபடும் தன்மையுள்ள சீலன்ட்டை நிரப்புங்கள்.

மேல்தோல் பொடிந்து உரியும் பாதைக்குப் பலர் மேலே ஒரு சென்ட்டிமீட்டர் சிமெண்ட் சாந்து பூசிவிடுகிறார்கள். அது அடுத்த கோடையில் ஓடு ஓடாகப் பிரியும். உறுதியான கான்கிரீட் தெரியும்வரை கொத்திக் கழுவிவிட்டு, ஒன்று மெல்லிய பாலிமர் சாந்து போட வேண்டும்; அல்லது குறைந்தது 40 மி.மீ. கனத்துக்குச் சிறு ஜல்லிக் கான்கிரீட் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவழி கிடையாது. மேலே கனம் கூட்டும்போது, டி.பி.சி.க்குக் கீழே 6 அங்குலம் மிஞ்சுகிறதா என்று மீண்டும் அளந்துகொள்ளுங்கள். பழைய பாதையின் வெட்டுக் கோடுகள் இருக்கும் அதே இடத்தில் புதிய படலத்திலும் கோடு வர வேண்டும்.

ஒரு கட்டம் மட்டும் அரை அங்குலத்துக்குள் இறங்கித் தடுக்கினால், உயர்ந்த விளிம்பைத் தேய்ப்பு இயந்திரத்தால் சரிவாகத் தேய்க்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, முகமூடியும் ஈரமும் இல்லாமல் தேய்க்கக் கூடாது. அதற்கு மேல் இறங்கியிருந்தாலோ, சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தாலோ, அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுவதுதான் முறை. எங்கள் மேற்குச் சந்தில் நான் கடைசியில் செய்தது அதுதான். வெட்டுக் கோடு வழியே அறுத்து, உடைத்து எடுத்து, தளர்ந்த மண்ணைத் தோண்டி, கிராவலை அடுக்கடுக்காக இறுக்கி, சரிவை வெளிப்பக்கம் திருப்பிப் புதிதாகப் போட்டோம். பக்கத்துக் கட்டத்தோடு மறுபடி ஏற்றத்தாழ்வு வராமல் இருக்க, அதன் விளிம்பில் ஓர் அடிக்கு ஒன்று வீதம் 6 அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, 12 மி.மீ. கம்பித் துண்டுகளைச் செருகி, புதிய கட்டத்துக்குள் நீளும் பாதியில் கிரீஸ் தடவிவிட்டோம். அதனால் இரண்டு கட்டங்களும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் சுருங்குவதற்கு ஒன்றையொன்று தடுக்காது. ஓதம் ஏறிய உட்சுவர் காய்வதற்கு மேலும் ஒரு கோடை முழுவதும் ஆனது. அதற்குள் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

மர வேர் தூக்கிய பாதையில், வேரை வெட்டுவது எளிய வழிபோலத் தோன்றும். வேம்பு, புங்கு போன்ற மரங்களின் பருத்த வேரை அடிமரத்துக்கு அருகில் வெட்டினால், அடுத்த புயலில் மரம் வீட்டின் மேலேயே சாயக்கூடும். மரத்தைச் சுற்றி 3 அடிக்குக் கான்கிரீட்டை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் மணல் படுக்கையின்மேல் பேவர் கற்களைப் பதியுங்கள். வேர் மீண்டும் தூக்கினால் நான்கு கற்களை எடுத்துச் சமன் செய்துகொள்ளலாம். மரத்துக்கும் நீர் போகும்.

ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், மழைக்கு முன், சுவர் ஓரச் சீலன்ட் எங்காவது விட்டிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, விட்ட இடத்தை மட்டும் கீறி மறுபடி நிரப்புங்கள். பாசி படிந்த நிழல் பகுதிகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு குடம் நீரைச் சுவர் ஓரமாக ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எங்காவது சுவரை நோக்கித் திரும்பினால், அந்தக் கட்டத்துக்குச் சாக்பீஸ் குறி போட்டு, தை மாதத்தில் செய்ய வேண்டிய வேலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.